மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவில் இரண்டு செதில்

சுவிசின் பீல் நகரில் நான் குடியிருந்த கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு பெரிய பல்லி வாழ்ந்தது. மூக்கிலிருந்து வால் நுனிவரை ஒரு மீற்றருக்கும் கூட. கறுத்த முதுகில் வெள்ளைப் புள்ளிகள் சேர்ந்து குறுக்குக் கோடுகளாக ஓடும். கழுத்துக்கு மேலே கன்னம் இரண்டும் புடைத்து நிற்கும். அதை வளர்த்தவள் கடிகாரத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு வயதான பெண். அவள் வளர்த்த காலம் முழுவதும் அந்தக் கட்டடத்தில் ஒருவரும் ஒரு முறைப்பாடும் சொன்னதில்லை. அவள் விழுந்து இடுப்பு முறிந்து, வீட்டுக் கதவின் திறப்பு என் கைக்கு வந்த பிறகுதான் அது முதலையானது, உடும்பானது, விசப் பிராணியானது. பல்லி அதே பல்லிதான். திறப்பு வைத்திருந்த கை மாறிவிட்டது. இத்தனை வருடம் போயும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் 2009 கடைசியில் இந்த நாட்டுக்கு வந்தவன். இடப்பெயர்வுகளுக்கு நடுவே எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. இங்கே முதலில் அகதிகளை நிலத்துக்குக் கீழே ஒரு பங்கரில் வைத்திருந்தார்கள். பிறகு இன்டர்லாக்கனில் ஹோட்டல் குசினி. தலைமைச் சமையல்காரனோடு சண்டை, வெளியே வந்தேன். ஏரிக்கரைப் பக்கம் ஒரு மரக்கறித் தோட்டத்தில் லீக்ஸ் பிடுங்கினேன். முதுகு போனது, வெளியே வந்தேன். அதற்குப் பிறகுதான் பீல். அங்கே ஒரு யாழ்ப்பாணத்தார் நடத்திய சாப்பாட்டுக் கடையில் வேலையும், கடைக்கு மேலே ஓர் அறையும் கிடைத்தன. ஓரிடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் நான் நின்றதில்லை. கோபம் வந்தால் பையைத் தூக்கிவிடுவேன்.

கடைக்கார அண்ணை முதல் நாளே என்னை விசாரித்தார்.

"எந்த ஊர்?"

சொன்னேன்.

"அங்கை எவடம்?"

"நிரந்தரமா ஒரு இடம் இருக்கேல்லை அண்ணை. சின்னனிலயே இடம்பெயர்ந்திட்டம்."

"அதுக்கு முதல் எவடம்? எந்தக் கோயிலடி? கொப்பர் என்ன செய்தவர்?"

இந்த விசாரணை எங்கே போய் முடியும் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். சுவிசுக்கு வந்து, பாஸ்போட் எடுத்து, பிள்ளைகளைப் பல்கலைக்கழகம்வரை படிப்பித்தவர்கள்கூட ஒருவனைக் கண்டதும் முதலில் தேடுவது, இவனை எந்தப் பெட்டிக்குள் போடலாம் என்பதைத்தான். அவர் என்னை ஒரு பெட்டிக்குள் போட்டார். கடைக்கு வரும் வெள்ளைக்காரருக்கு நான் கொத்துரொட்டி போடலாம். கோயிலிலிருந்து சாப்பாட்டு ஓடர் வந்தால் மட்டும் என்னைப் பின்பக்கம் சட்டி கழுவ விட்டுவிட்டு அவரே அகப்பையைப் பிடிப்பார். வாயால் ஒரு சொல் சொன்னதில்லை. அதனால் நானும் பதிலுக்கு ஒரு சொல் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் மாடியில் இருந்த அந்த வயதான மதாம் கடைக்கு வந்து ஒருநாள், அழுகப்போகிற மாம்பழம் இருந்தால் தரமுடியுமா என்று பிரெஞ்சும் ஜெர்மனும் கலந்து கேட்டாள். "மிஸ்யூவுக்கு மாம்பழம் என்றால் உயிர்" என்றாள். மிஸ்யூ என்றால் பிரெஞ்சில் ஐயா. பல்லில்லாத புருசன் ஒருவர் மேலே இருக்கிறாராக்கும் என்று நினைத்து, நல்ல பழமாகவே பொறுக்கிக்கொண்டு போனேன். வரவேற்பறையின் பாதியைப் பிடித்திருந்த ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து அந்தப் பல்லி எழும்பி வந்து, பிளந்த நாக்கை நீட்டிப் பழத்தை மணந்தது. பிறகு முழுத் துண்டையும் வாயில் வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து விழுங்கியது. "இவர்தான் மிஸ்யூ" என்று அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

மகன் வாங்கி வந்தபோது அது விரலளவு குட்டி, தலை பச்சைப் பசேலென்று இருந்ததாம். வளர வளரப் பச்சை போய்விட்டது. மகனும் வேறு ஊருக்குப் போய்விட்டான். இப்படிப் பெரிய பல்லி வைத்திருக்க இங்கே அனுமதி வேண்டும். அவள் அதற்கான வகுப்புக்குப் போய், அலுவலகத்தில் அனுமதி எடுத்து, ஒழுங்காகத்தான் வைத்திருந்தாள். தோல் உரிகிற காலத்தில், தொழிற்சாலையில் பாவித்த பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு, விரலிடுக்குகளில் பழைய தோல் ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். நான் முட்டையும் பழமும் கொண்டு போவேன். கொஞ்ச நேரம் நிலத்தில் இருந்து அதைப் பார்த்துவிட்டு வருவேன். அந்த வீட்டில் என்னை ஒருவரும் எவடம் என்று கேட்கவில்லை.

கோடை முடியும்போது அவள் குளியலறையில் விழுந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். பார்க்கப் போனபோது திறப்பைத் தலையணைக்குக் கீழிருந்து எடுத்துத் தந்தாள்.

"நான் வரும்வரை மிஸ்யூவைப் பாருங்கள். வேறு யாரிடமும் கொடுக்க வேண்டாம்."

அவள் வரப்போவதில்லை என்று தாதி வாசலில் வைத்துச் சொல்லிவிட்டாள்.

வீட்டு நிர்வாகத்திலிருந்து கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் வந்தார். வீடு காலியாக வேண்டும், சுவருக்குப் பெயின்ற் அடிக்க ஆள் வரும் என்றார். கூண்டைக் கண்டதும் பின்னால் ஓரடி வைத்தார்.

"இது என்ன, முதலையா?"

"பல்லி. மதாமுடைய பல்லி."

"இது இங்கே இருக்கமுடியாது."

"இவ்வளவு காலமும் இங்கேதான் இருந்தது. மதாமிடம் அனுமதி இருக்கிறது."

"அது அவருடைய அனுமதி. நீங்கள் யார்?"

நான் யார் என்று சொல்ல என்னிடம் இருந்தது எஃப் எழுதிய ஓர் அட்டை. தற்காலிகமாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர் என்று அதற்குப் பொருள். அதை நான் வெளியே எடுக்கவில்லை.

அவருக்குப் பின்னாலேயே கடைக்கார அண்ணை படியேறி வந்து நின்றார். அவருக்குத் தொய்வு. மூன்றாம் மாடிக்கு வந்துசேர நெஞ்சு விசில் அடித்தது. கூண்டைப் பார்த்ததும் அவர் முகம் விரிந்ததை நான் கண்டேன். நிர்வாகத்து ஆளிடம் ஜெர்மனில் சொன்னார்: "இதை எங்கள் நாட்டில் எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நான் அகற்றிவிடுகிறேன்."

நிர்வாகத்து ஆள் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்கே கொண்டுபோவாய், என்ன செய்வாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தனக்கு ஒரு தலையிடி குறைந்தது என்று படியிறங்கிப் போய்விட்டார்.

"டேய், இவ்வளவு பெரிய உடும்பை மேல வைச்சுக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லேல்லையே நீ" என்றார் அண்ணை. "உடும்பிறைச்சி தொய்வுக்கு என்ன மருந்தெண்டு தெரியுமோ? இஞ்சத்தை டொக்டர் தந்த பம்பை அடிச்சு அடிச்சு எனக்கு வாய்தான் கைக்குது. ஞாயிறு பின்னேரம் ரண்டு பேரைக் கூப்பிடுறன். நல்லாத் தூள் போட்டுப் பிரட்டுவம்."

அவர் பகிடி விடவில்லை. எங்கள் ஆட்களுக்கு நாலு காலில் ஊர்வனவற்றில் இருக்கிற பிரிவு கொஞ்சம்தான்: பல்லி, ஓணான், அரணை, உடும்பு. இந்த அளவில் ஒன்றைக் கண்டால் அது உடும்பு. உடும்பு என்றால் இறைச்சி. உலகத்தின் எந்த மூலையிலிருந்து வந்தாலும் சட்டிக்குள் ஓரிடம் இருக்கிறது.

அவருடைய மகள் சனிக்கிழமைகளில் கடையில் காசுப்பெட்டியில் நிற்பாள். இங்கே பிறந்தவள், பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொன்னேன். அவள் முன்கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு என்னோடு மேலே வந்தாள். கூண்டைத் திறந்து, குனிந்து அதன் தலையை உற்றுப் பார்த்தாள்.

"அண்ணா, இது தேயு. தென்னமெரிக்கா. ஆர்ஜென்ரினா, பிரேசில் பக்கம். அப்பாவை வரச் சொல்லுங்கோ."

அவர் வந்தார். கையில் ஒரு அரிசிச் சாக்கு. எடை பார்க்க என்றார். பல்லி விளக்குக்குக் கீழே கால்களைப் பின்னால் நீட்டிப் படுத்திருந்தது. மதாமின் பூதக்கண்ணாடி மேசையில் கிடந்தது. மகள் அதை எடுத்தாள்.

"அப்பா, உது உடும்பில்லை."

"எனக்கு உடும்பு தெரியாதோ? நீ சுவிசில பிறந்தனி. நான் வன்னிக் காட்டில திரிஞ்சனான்."

"தலையைப் பாருங்கோ. உடும்புக்குத் தலை முழுக்கச் சின்னச் சின்னதா மணி மாதிரி இருக்கும். இதுக்குப் பெரிய ஷுப்பன்… என்ன, செதில். தகடு தகடா, ரண்டு பக்கமும் ஒரே மாதிரி அடுக்கியிருக்கு. தெரியுதோ?"

"ம்."

"வயித்தில சதுரச் செதில், வரிசை வரிசையா. வால் முறிஞ்சா திரும்ப வளரும். உடும்புக்கு வளராது."

"வளருமெண்டா நல்லதுதானே. வாலை மட்டும் வெட்டி வெட்டிச் சமைக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவளுக்கு வரவில்லை. பூதக்கண்ணாடியை அவர் கையில் திணித்தாள்.

"இதுக்குள்ளால பாருங்கோ. மூக்குத் துளைக்கும் கண்ணுக்கும் நடுவில எத்தினை செதில்?"

அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். பல்லியும் ஒரு கண்ணால் அவரைப் பார்த்தது.

"ரண்டு."

"அமேசன் பக்கம் இருக்கிற தேயுவுக்கு ஒண்டுதான். தெற்கில இருக்கிறதுக்கு ரண்டு. முந்தி எல்லாத்தையும் ஒரே கூட்டமாத்தான் வைச்சிருந்தவை. இப்ப இதுகளைப் பிரிச்சு வேற பேர் குடுத்திட்டினம். ரண்டும் உடும்புக்குக் கிட்டவும் இல்லை. உந்த ஏரிக்கரைத் திராட்சைத் தோட்டத்து மதிலில சின்னப் பல்லி ஓடுதெல்லோ? அதுதான் இதுக்குக் கிட்டடிச் சொந்தம். உடும்பு பாம்புப் பக்கம்."

"அப்ப இவர் சுவிஸ்காரன் எண்டுறாய்."

"சொந்தக்காரன் எண்டுறன்."

"பாஸ்போட் இருக்கோ எண்டு கேள்."

"அப்பா."

"சரி பிள்ளை, நீ படிச்சனி, நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று அவர் நிமிர்ந்து பூதக்கண்ணாடியை மேசையில் வைத்தார். "ரண்டு செதிலோ மூண்டு செதிலோ, சட்டிக்குள்ள போனா ஒண்டுதான்."

அவள் கண் கலங்கிவிட்டது. படித்தது முழுவதையும் அவர் முன்னால் கொட்டியிருந்தாள், அத்தனையும் உண்மை. அவர் சாக்கை உதறி விரித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"அண்ணை, வரியைப் பாத்தனீங்களோ?"

"என்ன வரி?"

"முதுகில குறுக்கால ஓடுற வரி. உடும்புக்கு இப்படி வரி இருக்கோ? கபரகொய்யாவுக்கெல்லோ இப்படி."

கபரகொய்யா என்பது ஊரில் தண்ணீர்க்கரைகளில் திரிகிற பெரிய பிராணி. உடும்பைத் தின்கிறவனும் அதைத் தொடமாட்டான். அதன் இறைச்சி விசம் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்கிறோம். அண்ணையின் கையிலிருந்த சாக்கு அப்படியே நின்றது.

"ஓம்," என்றார் மெதுவாக. "ஓமடா. எங்கட பெரியப்பாவின்ர நாய் உதொண்டைக் கடிச்சு, அண்டைக்கே வாயில நுரை தள்ளிச் செத்தது. நான் கண்ணால கண்டனான்."

பல்லியிலிருந்து கண்ணை எடுக்காமல் வாசல்வரை பின்னுக்கு அடிவைத்தே போனார். பிறகு கெதியாகப் படியிறங்குகிற சத்தம் கேட்டது.

மகள் என்மேல் பாய்ந்தாள்.

"ஏன் பொய் சொன்னீங்கள்? அது கபரகொய்யாவும் இல்லை, விசமும் இல்லை. நான் எவ்வளவு நேரம் நிண்டு உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தனான்."

"சொல்லி வெண்டனியோ?"

"வெல்லுறதோ பிரச்சினை?"

"அதுக்குத்தான் பிரச்சினை" என்று பல்லியைக் காட்டினேன். "ஞாயிற்றுக்கிழமை அதுக்கு."

நான் அந்தப் பொய்க்காக இன்றுவரை வருந்தவில்லை. கோபம்தான் இருக்கிறது. ஒரு பிராணியைப் பற்றி உண்மை சொன்னால் அது சாகும், பொய் சொன்னால் பிழைக்கும் என்கிற நிலைக்கு ஆட்களைக் கொண்டுவந்து விடுகிறார்கள். அரசாங்க மேசைக்கு முன்னால் இருந்து பதில் சொன்ன ஒவ்வொருவனுக்கும் அந்த நிலை தெரியும். மகளுக்குத் தெரியாது. தெரியவேண்டிய தேவை வராமல் அவள் வளர்ந்தது நல்லதுதான்.

ஆனால் பொய்க்கும் கால் முளைத்தது. அண்ணை பயந்த பயத்தில் நிர்வாகத்து ஆளுக்குப் போன் அடித்து, மேலே இருப்பது கடித்தால் ஆள் தப்பாத விசப் பிராணி, தான் கைவைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கட்டடத்தில் எல்லாருக்கும் அது தெரிந்துவிட்டது. இரண்டாம் மாடியில் கைக்குழந்தையோடு இருந்தவள் என்னைக் கண்டால் குழந்தையின் முகத்தைத் தோளில் அமர்த்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். முன்பு மிஸ்யூவுக்கு முட்டை கொண்டுவந்து கொடுத்த கீழ்வீட்டுக்காரர், உன்னைப்போன்றவர்கள் இப்படியான சாமான்களை எப்படி நாட்டுக்குள் கொண்டுவருகிறீர்கள் என்று என்னையே கேட்டார்.

"நீங்கள் முட்டை கொடுத்த அதே பல்லி" என்றேன்.

"அது வேறு" என்றார்.

கையைக் கட்டிக்கொண்டு இப்படிச் சொன்னார், அது வேறு என்று. நான் அவரோடு கத்தினேன். கத்தியதுதான் பிறகு எல்லார் வாயிலும் கதையாகத் திரிந்தது.

மிருக வைத்திய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முழங்கைவரை வரும் தடித்த தோல் கையுறைகளைப் போட்டுக்கொண்டு படியேறியவள், கூண்டுக்குள் ஒருமுறை பார்த்துவிட்டு அவற்றைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தாள். மகள் நெற்றித் தகடு, செதில் என்று தொடங்க, அவள் தலையாட்டினாள்.

"தேயு. ஆண். கன்னத்தைப் பாருங்கள், வளர்ந்த ஆணுக்குத்தான் இப்படிப் புடைக்கும்."

வாசலுக்கு வெளியே நின்ற நிர்வாகத்து ஆள் கழுத்தை நீட்டினார். "விசம் இல்லையா?"

"இல்லை. பலமாகக் கடிக்கும். நீங்கள் விரலைக் கொடுத்தால்."

"ஆனால் இவ்வளவு பெரிதாக இருக்கிறதே."

"போன வருடமும் நான் வந்து பார்த்தேன், இவ்வளவுதான் இருந்தது" என்றாள் அவள்.

எனக்கு அவளைப் பிடித்துப்போனது. அது கொஞ்ச நேரம்தான். ஏனென்றால் அடுத்ததாக அவள், பிரச்சினை விசமல்ல, இடம் என்றாள். காப்பகங்கள் நிரம்பிவிட்டன. தேயுவைக் குட்டியில் பச்சைத் தலைக்கு ஆசைப்பட்டு வாங்குகிறார்கள், சோபா அளவுக்கு வளர்ந்ததும் கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். அரிய இனமாக இருந்தால் மிருகக்காட்சிசாலை ஏதாவது கேட்கும். தேயுக்களிலேயே இதுதான் அதிகம் விற்பனையாகிற இனம், இதை யாரும் கேட்கமாட்டார்கள். வளர்க்கத் தகுதியான ஆள் கிடைக்காவிட்டால் ஊசிதான்.

"நிறைய இருக்கிறதால சாகவேணும்" என்று நான் தமிழில் சொன்னேன். மகள் அதை மொழிபெயர்க்கவில்லை.

என் அகதி விசாரணை நாள் நினைவுக்கு வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், நான் சொல்லி முடித்ததும் பேனாவை வைத்துவிட்டு, இதே மாதிரிக் கதையை நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள் என்றார். நிறையப் பேருக்கு நடந்ததால்தான் நிறையப் பேர் சொல்கிறார்கள் என்று அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? ஒருவனுக்கு நடந்தால் கொடுமை. ஊருக்கே நடந்தால் வழமை. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு எழும்பி வந்தேன்.

"நான் வளர்க்கிறேன்" என்றேன்.

அவள் என்னை முதன்முறையாகச் சரியாகப் பார்த்தாள். வகுப்புக்குப் போய்த் தேறவேண்டும், சட்டப்படியான அளவில் கூண்டும் அதை வைக்க இடமும் வேண்டும் என்றாள். பிறகு, "இந்தப் பிராணி இன்னும் பத்து வருடமும் வாழலாம். நீங்கள் இங்கே எவ்வளவு காலம் இருப்பீர்கள்?" என்றாள்.

சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து அவள் முன்னால் பிடித்தேன்.

"தற்காலிகம் என்று எழுதியிருக்கிறது. எழுதியது நானல்ல. எவ்வளவு காலம் என்று எழுதியவர்களைக் கேளுங்கள்."

நிர்வாகத்து ஆள் தொண்டையைச் செருமினார். அவள் அட்டையை வாங்கவில்லை.

"அந்த எழுத்து என் அலுவலகத்து விசயமல்ல. எனக்குக் கூண்டைக் காட்டவேண்டும், வகுப்பு முடித்ததைக் காட்டவேண்டும். அது குளிர்கால உறக்கத்துக்குப் போகும்வரை பார்க்கிறேன். அதற்குமேல் ஏலாது." பிறகு நிர்வாகத்து ஆளின் பக்கம் திரும்பினாள். "அதுவரை இது இங்கே இருக்கும். பெயின்ற் காத்திருக்கட்டும்."

வகுப்பு ஜெர்மனில் நடந்தது. சுற்றிவர இருந்தவர்கள் பெரும்பாலும் பொழுதுபோக்குக்குப் பாம்பும் ஓணானும் வளர்க்க ஆசைப்பட்டவர்கள். எட்டாம் வகுப்புக்குப் பிறகு நான் ஒரு கதிரையில் இருந்து பாடம் கேட்டது அப்போதுதான். கடையில் வெங்காயம் வெட்டும்போது மகள் கேள்வி கேட்பாள். தேயு எந்தக் குடும்பம்? தொடையின் உட்பக்கத்தில் வரிசையாக இருக்கிற துளைகள் எதற்கு? ஆணுக்கு வாலடியில் இரண்டு பக்கமும் பொத்தான் மாதிரித் தடித்த செதில் இருக்கும், தெரியுமா? நான் பிழை விட்டால் கரண்டியால் மேசையில் தட்டுவாள். உடும்பும் தேயுவும் பார்வைக்கு ஒரே மாதிரி வளர்ந்ததற்குக் காரணம் உறவல்ல, ஒரே மாதிரிப் பிழைப்பு என்று அவள் சொன்னது எனக்கு உடனே பிடிபட்டது. ஹோட்டல் குசினிகளில் எரித்திரியக்காரன், அல்பேனியன், நான், எல்லாரும் ஒரே கூனலோடுதான் நிற்போம்.

ஆனால் பிரிவு என்கிற விசயத்தில் எனக்குக் கோபம் தீரவில்லை. விஞ்ஞானிகள் பூதக்கண்ணாடியை வைத்து இரண்டு செதிலை எண்ணி ஒரு கூட்டத்துக்குப் பெயரை மாற்றுகிறார்கள். அதனால் பல்லியின் ஒரு வேளைச் சாப்பாடு குறையப்போவதில்லை. எண்ணுகிறவர்கள் அது என்ன என்று அறிவதற்காக எண்ணுகிறார்கள். எங்களை எண்ணுகிறவர்கள் எதற்கு எண்ணுகிறார்கள்? அட்டையில் ஓர் எழுத்தைப் பார்த்து வீடு இல்லை என்கிறார்கள். கோயிலடியைக் கேட்டு அகப்பையைப் பறிக்கிறார்கள்.

கூண்டின் அளவைப் பற்றிய பாடத்தன்று எனக்குத் தலை சுற்றியது. இவ்வளவு நீளமான பல்லிக்கு இவ்வளவு நீள அகலம், தோண்ட இவ்வளவு ஆழத்துக்கு மண், ஒளிய ஓரிடம், வெயிலுக்குப் பதிலாக விளக்கு. குறைந்தால் குற்றம். சரியான சட்டம், ஒரு சொல் பிழை சொல்லமாட்டேன். ஆனால் பங்கரில் எங்களை வைத்திருந்தபோது ஒருவரும் அளவுநாடாவோடு வரவில்லை. ஜன்னல் இல்லாத அறையில் மூன்றடுக்குக் கட்டில்களில் கிடந்தோம். காலையா மாலையா என்று பக்கத்துக் கட்டில்காரனின் மணிக்கூட்டைக் கேட்டுத்தான் தெரியும். நான் வகுப்பில் கையை உயர்த்தி இதைச் சொன்னேன். ஆசிரியர் நல்ல மனிசன். அது இந்தப் பாடத்தில் இல்லை என்றார்.

தேறிவிட்டேன். மகளின் நண்பி ஒருத்தி மூலமாக ரயில் பாதைக்குப் பக்கத்தில் கைவிடப்பட்ட ஒரு பழைய கடிகாரப் பட்டறையின் நிலமாடி கிடைத்தது. பெரிய ஜன்னல்கள், ஈரச் சுவர், குளிப்பதற்கு வழியில்லை. நான் அதைவிட மோசமான இடங்களில் இருந்திருக்கிறேன். கூண்டை அங்கே கட்டினேன். மிருக வைத்திய அலுவலகத்துப் பெண் அளவுநாடாவோடு வந்து, மூலைவிட்டமும் பிடித்துப் பார்த்து, சரி என்றாள்.

கடைக்கார அண்ணை என்னைக் கூப்பிட்டு இருத்தினார்.

"தம்பி, நான் உன்னில ஒரு பிழையும் சொல்லேல்லை. ஆனா கபரகொய்யாவோட படுத்தெழும்புறவன்ர கையால ஆர் சாப்பிடுவினம்? சனம் கதைக்குது."

"என்ர கையைப் பற்றி நீங்கள் முந்தியும் யோசிச்சனீங்கள்தானே அண்ணை" என்றேன். "கோயில் ஓடர் வரேக்க."

அவர் முகத்தைத் திருப்பி அடுப்பைப் பார்த்தார். மகள் காசுப்பெட்டியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்ன கோயில் ஓடர் என்று அவள் கேட்டாள். அண்ணை அடுப்பைக் கூட்டினார், நான் முன்கவசத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன். அறையையும் வேலையையும் ஒன்றாக விட்டேன். வழக்கமாகக் கோபம் வந்தால் ஊரையே விட்டுப் போகிறவன். இந்த முறை ரயில் பாதைவரைதான் போகமுடிந்தது.

முதியோர் இல்லத்துக்குப் போய் மதாமிடம் சொன்னேன். மிஸ்யூ சாப்பிடுவதை நிறுத்திவிட்டார், வைக்கோலுக்குள் தலையை விட்டுவிட்டார் என்றேன். அவளுக்கு அது நோயில்லை என்று தெரியும். கையை அசைத்து, இளவேனிலில் எழும்பும்போது முதலில் தண்ணீர், பிறகுதான் முட்டை என்று மட்டும் சொன்னாள். அனுமதியை என் பெயருக்கு மாற்றுவதற்கு ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்து வைத்தாள்.

கொண்டுபோன நாள் நல்ல குளிர். ஒரு மரப்பெட்டிக்குள் வைக்கோல் போட்டு, உறங்கிக்கொண்டிருந்ததை அப்படியே தூக்கி வைத்தேன். உடம்பு கல்லைப்போல் குளிர்ந்திருந்தது, முதுகு மணிமணியாக உள்ளங்கையில் உரசியது. மகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து மூன்று மாடியும் இறக்கினோம். இரண்டாம் மாடிக் கதவு கொஞ்சம் திறந்து மூடியது. நிர்வாகத்து ஆள் பெயின்ற்காரர்களோடு வாசலில் காத்துநின்றார், எங்களுக்கு வழிவிட்டார்.

கடை வாசலில் அண்ணை நின்றார். கிட்ட வரவில்லை. குளிரில் நெஞ்சு விசிலடித்தது.

"டேய், பெட்டிக்குள்ள கையை விடாதை. நித்திரை மாதிரிக் கிடக்கும். கடிச்சா ஆள் தப்பாது, சொல்லிப்போட்டன்."

அவர் உண்மையாகவே எனக்காகப் பயப்பட்டார். எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அப்பா, அது விசமில்லை" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு பிள்ளை. பெரியப்பாவின்ர நாய்…"

"அந்த நாய் கடிச்சது வேற. அந்தக் கபரகொய்யாவும் விசமில்லை."

"அப்ப நாய் என்னத்துக்குச் செத்தது?"

"விடு பிள்ளை, பஸ் வருகுது" என்றேன்.

"விடமாட்டன் அண்ணா. நீங்கள் ஒருக்கா விட்டதாலதான் இவர் இப்படிக் கதைக்கிறார்" என்று அவள் பெட்டியின் தன் பக்கத்தைக் கைவிட்டுவிட்டுத் தகப்பனிடம் போனாள். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்க்க, அவர்கள் இருவரும் நாயைப் பற்றிச் சண்டை பிடித்தார்கள். பெட்டியின் முழுப் பாரமும் என் கைக்கு வந்தது. கீழே வைத்தால் எழும்பிவிடுமோ என்று பயந்து, நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.